ஒரு வருடம் கை படாதவை

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு நடு அறையில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. கரியாலூரில், நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஆசிரியர் குடியிருப்பில், என் மடிக்கணினி இருக்கிறது. திங்கட்கிழமை விடிகாலை பஸ் ஏறி, வெள்ளிக்கிழமை மாலை இறங்கும் பிழைப்பு எனக்குப் பத்து வருடத்துக்கு மேலாக. வாரத்தில் நாலு ராத்திரி மலையில், மூன்று ராத்திரி வீட்டில். இந்த இரண்டு கணினிகளுக்கும் நடுவில் என் ஆராய்ச்சி ஒரு பென் டிரைவில் ஏறி, கைப்பையின் சின்ன ஜிப்புக்குள், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு போய் வந்துகொண்டிருந்தது.

ஆராய்ச்சி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பகுதி நேர முனைவர் பட்டம். மலைப் பிள்ளைகள் ஏன் படிப்பைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பது தலைப்பு. பதிவு செய்தபோது எனக்குக் கண்ணாடி கிடையாது, முழங்கால் வலி கிடையாது. அதற்குப் பிறகு மூன்று முறை கால நீட்டிப்பு வாங்கினேன். வருகிற தை மாதத்துக்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்து, இனி நீட்டிப்பு இல்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. பாதியில் நின்ற பிள்ளைகளைப் பற்றி எழுதப் போனவள் தானே பாதியில் நின்றுவிட்டாள் என்று ஆசிரியர் அறையில் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், அதுகூடப் பரவாயில்லை.

எனக்குப் பெரிது அந்தப் பேட்டிகள்தான். சனி ஞாயிறுகளில் வீட்டுக்கு வராமல் மலையிலேயே தங்கி, ஊர் ஊராக நடந்து, படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் தாய்மார்களிடம் உட்கார்ந்து பேசி எழுதியவை. எனக்காக அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பேசியவர்கள் அவர்கள். அதில் பாதிப் பேர் இப்போது மலையில் இல்லை. கேரளாவுக்கோ கர்நாடகத்துக்கோ தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். கையால் எழுதிய நோட்டுகள் ஒரு ஐப்பசி மழையில் குடியிருப்பின் ஓட்டு ஒழுகலில் ஊறிக் கூழாகிவிட்டன. நல்லவேளையாக அதற்கு முன்பே எல்லாவற்றையும் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். ஆக, அந்தப் பெண்கள் சொன்னது இந்த உலகத்தில் இருக்கிற ஒரே இடம் என் கணினிக் கோப்புகள்தான்.

அதைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு திரிந்தேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது. வெள்ளிக்கிழமை மலையில் திருத்தியது ஒன்று, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் திருத்தியது ஒன்று. எது புதிது, எது பழையது என்று தெரியாது. கடைசி என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைப்பேன். அடுத்த வாரம் அதற்குப் பக்கத்திலேயே உண்மையான கடைசி என்று இன்னொன்று வந்து உட்காரும். ஒருமுறை சாம்பார் டப்பா மூடி கழன்று பென் டிரைவ் குளித்தது. துடைத்து, அரிசிக்குள் போட்டு வைத்து, பிழைத்துக்கொண்டது. போன ஆனியில் ஒருநாள் கச்சிராயபாளையத்தில் இறங்கி வேறு பஸ் ஏறுகிற நெரிசலில் பையின் ஜிப்பே பிய்ந்து, அது எங்கோ விழுந்து, போயே போய்விட்டது. இரண்டு கணினிகளிலும் அரையும் குறையுமாகப் பிரதிகள் இருந்ததால் ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பள்ளியின் கணினி ஆசிரியரிடம் புலம்பினேன். நல்ல மனிதர், எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

"இன்னும் எதுக்கு டீச்சர் பென் டிரைவ தூக்கிக்கினு அலையறீங்க? ரெண்டுத்துலயும் ஒரு சாஃப்ட்வேர் போட்டுடுங்க. இங்க நீங்க ஒரு வரி அடிச்சா அங்க வூட்டு கம்ப்யூட்டர்ல அதுவா ஏறிக்கும். காசு கெடையாது."

"அங்க அடிச்சா இங்க வருமா?"

"வரும். நடுவுல யாரும் இல்ல. ரெண்டும் நேரா பேசிக்கும்."

அது எனக்குப் பிடித்திருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் வாரத்தில் நாலு நாள் சிக்னல் கிடைக்காமல் பேச முடியாதபோது, கணினிகளாவது பேசிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

மடிக்கணினியை அந்த வாரம் வீட்டுக்கு எடுத்து வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த மென்பொருளோடு மல்லுக்கட்டினேன். காலையில் இட்லி ஊற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தவள். பதிவிறக்கம் எண்பது சதவீதத்தில் நின்றது. திரும்ப முதலிலிருந்து. இறங்கி முடித்ததும் கணினியின் பாதுகாப்புச் சுவர் குறுக்கே வந்து, இந்த ஆள் யார், உள்ளே விடட்டுமா என்று கேட்டது. விடு என்றேன். இரண்டு கணினிகளுக்கும் ஆளுக்கொரு அடையாள எண் கொடுத்தது அந்த மென்பொருள். எண் என்றால் நம் ஆதார் எண்போல இல்லை. எழுத்தும் எண்ணுமாக ஒரு முழ நீளம். ஒன்றின் எண்ணை மற்றதில் அடிக்க வேண்டும். நான் வருகைப் பதிவேட்டை வாசித்துப் பழகிய குரலில் அதை நாலு நாலு எழுத்தாக உரக்கப் படித்துப் படித்து அடித்தேன். எங்கோ ஒரு எழுத்துத் தப்பி, ஏற்காது என்றது. மறுபடி படித்தேன். மூன்றாம் தடவைதான் ஏற்றுக்கொண்டது. அதற்குள் இட்லி ஆறிப் போயிருந்தது.

பிறகு கேள்விகள். எந்தக் கோப்புப் பெட்டியைப் பகிர வேண்டும்? ஆராய்ச்சிப் பெட்டியை. ஒரு பக்கமா, இரு பக்கமுமா? இரு பக்கமும். ஒரு பக்கம் சேர்த்தால் மறு பக்கமும் சேரும், ஒரு பக்கம் நீக்கினால் மறு பக்கமும் நீங்கும் என்று விளக்கம் போட்டிருந்தது. முதல் பாதியைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் பாதியையும் படித்தேன், படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். யார் நீக்கப் போகிறார்கள், நான்தானே இருக்கிறேன் என்று மேலே போனேன். நீக்கியவற்றின் பழைய பிரதிகளை எடுத்து வைக்கட்டுமா என்று இன்னொரு கேள்வி. எனக்கு முதுகு கழன்றுகொண்டிருந்தது. வேண்டாம் என்று ஏற்கெனவே குறியிட்டிருந்ததால் அப்படியே விட்டேன்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பச்சை நிறத்தில் ஒரு குறி வந்தது. இரண்டும் ஒன்றாகிவிட்டன என்று அர்த்தம். மடிக்கணினியில் ஒரு காலிக் கோப்பைத் திறந்து 'சோதனை' என்று அடித்தேன். மேசைக் கணினியில் அது தானாக வந்து நின்றது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மோட்டார் காயில் கட்டுகிறவர், பஸ் நிலையத்துக்குப் பின் தெருவில் கடை. ஒரு ஒயரும் இல்லாமல் எப்படிப் போகிறது என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"இன்னா டீச்சரம்மா, இனிமே டாக்டர் பட்டம் வாங்கின மாதிரிதான?"

"இனிமே எழுத வேண்டியதுதான் பாக்கி."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு மாதம் வரை அந்தப் பச்சைக் குறியைப் பார்ப்பதே எனக்கு ஒரு வேலையாக இருந்தது. மலைக்குப் போனால் முதலில் மடிக்கணினியைத் திறந்து அது பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் இங்கே பார்ப்பேன். பார்த்து முடித்ததும் அன்றைய ஆராய்ச்சி முடிந்த மாதிரி ஒரு களைப்பு வரும். தூங்கிவிடுவேன்.

புரட்டாசி விடுமுறைக்குப் பள்ளி மூடுகிற அன்று, மலையில் ஆயுத பூஜைக்குச் சாமான்களை அடுக்கினார்கள். தையல் மெஷின், பள்ளிக் கணினிகள், விடுதிச் சமையலறையின் பெரிய கரண்டிகள், தோட்டத்து மண்வெட்டி எல்லாம் ஒரே அறையில். என் மடிக்கணினியும் வேண்டும் என்றார் கணினி ஆசிரியர். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். இனி நான் எதையும் சுமக்க வேண்டியதில்லை என்று அங்கிருந்த எல்லாரிடமும் பெருமை பேசியதும் நினைவிருக்கிறது. விஜயதசமி காலையில் அவரே மேலே வந்து தேங்காய் உடைத்து, எல்லாக் கணினிகளையும் ஒருமுறை ஓட விட்டு வைப்பதாகச் சொன்னார்.

இப்போது என் வீட்டுக்காரரின் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்தக் கடையில் ஒரு பெரிய சங்காரம் நடக்கும். கடையில் இருக்கிற எதுவானாலும், ஒரு வருடம் கை படாமல் இருந்தால் வெளியே போய்விட வேண்டும். எரிந்த காயில், தேய்ந்த பேரிங், என்றைக்காவது உதவும் என்று மாட்டி வைத்த கப்பாசிட்டர், எதற்கும் இரக்கம் கிடையாது. போன ஆயுத பூஜையிலிருந்து இந்த ஆயுத பூஜைக்குள் ஒருதரம்கூட எடுக்காத சாமானை ஆயுதம் என்று சொல்லிப் பூஜை போடுவது சாமியை ஏமாற்றுகிற வேலை என்பார். பழைய இரும்பு வண்டிக்காரர் அன்றைக்கு எங்கள் தெருவுக்குத் தானாகவே வந்துவிடுவார்.

இந்த வருடம் கடையை முடித்துவிட்டு, வீட்டுக் கணினிக்கும் வந்திருக்கிறார். அதில் அவரும் விலைப்புள்ளி அடிப்பார், அதனால் அதுவும் அவருக்கு ஒரு ஆயுதம். கடை புளோயரைக் கொண்டுவந்து கணினியின் மூடியைக் கழற்றித் தூசியை ஊதினார். திரையைத் துடைத்து, விசைப்பலகையை ஈரத்துணியால் ஒற்றி, சந்தனம் குங்குமம் வைத்தார். அதெல்லாம் நான் பார்த்தேன். அதற்குப் பிறகு உள்ளேயும் சுத்தம் செய்தார் என்பதை நான் பார்க்கவில்லை.

பூஜை அன்றைக்கு யாரும் அதைத் தொடவில்லை. விஜயதசமி காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டு வந்து, விளக்கேற்றி, கணினியைப் போட்டேன். நல்ல நாளில் ஒரு வரியாவது எழுதிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆராய்ச்சிப் பெட்டியைத் திறந்தேன். 'சோதனை' என்ற கோப்பு மட்டும் இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அவர் பின்னால் காபித் தம்ளரோடு வந்து நின்றார்.

"ஏங்க, இதுல இருந்ததெல்லாம் எங்க?"

"ஏம்மா? பழசுதான எடுத்தேன். வேகமா தொறக்குது பாரு இப்ப."

"எது பழசு? யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"கேக்கலாம்னுதான் வந்தேன். நீ பாத்தரம் தேய்ச்சிக்கினு இருந்த. மூஞ்சப் பாத்தேன், அப்டியே திரும்பிட்டேன். தேதி வாரியா வரிசப்படுத்தி, ஒரு வருசமா கை படாததத்தான் எடுத்தேன். உன் பொட்டில எல்லாமே அப்டித்தான் இருந்துச்சி. நீ புதுசா வேற எங்கியோ வெச்சி எழுதிக்கினு இருக்கன்னு நெனச்சேன்."

கணினியில் குப்பைத் தொட்டி என்று ஒன்று இருக்குமே, அதில் பாருங்கள் என்றேன்.

"அதையும் காலி பண்ணிட்டேன். பூஜ நாளும் அதுவுமா வூட்ல குப்ப இருக்கலாமா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மடிக்கணினி மலையில் இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறது, அதில் எல்லாம் இன்னும் பத்திரமாக இருக்கும் என்பது முதலில் ஞாபகம் வந்தது. இன்று காலை கணினி ஆசிரியர் அதைத் திறந்து பள்ளி இணையத்தில் ஓட விடுவார், இங்கே நீங்கியதெல்லாம் அந்த நிமிடமே அங்கேயும் நீங்கிவிடும் என்பது அடுத்து ஞாபகம் வந்தது. அவருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. விடுதிச் சமையலக்காவுக்குப் போட்டேன். அதே குரல், அதே பதில். மலைக்கு இருப்பது ஒரே ஒரு சிக்னல். மேகம் இறங்கினால் அதுவும் இல்லை.

"வண்டிய எடுங்க" என்றேன்.

அவர் காபியை அப்படியே வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். வெளியே வரும்போது கடையில் பாட்டுக் கேட்கிற பென் டிரைவைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார், அதற்கு மட்டும் அவருக்கு அன்றைக்குப் புத்தி வேலை செய்தது. கணினியை அணைக்காமல், இணையத்தையும் பிடுங்காமல் இரண்டு பேரும் கதவைப் பூட்டினோம். வீட்டுக் கணினியை அணைத்துவிட்டாலே போதும், மலையில் ஒன்றும் அழிந்திருக்காது என்பதைப் பல நாள் கழித்துக் கணினி ஆசிரியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர் முழுக்க ஒவ்வொரு கடை வாசலிலும் திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு சிதறிக் கிடந்தது. அதில் ஏறினால் வண்டி சறுக்கும். அவர் ஒவ்வொன்றாக வளைத்து வளைத்து ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து, சீக்கிரம், சீக்கிரம் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டிருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலைப்பாதை தொடங்கியது. முதல் கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைத்தபோது அவர் வாயைத் திறந்தார்.

"தப்புதான். கேட்டிருக்கணும்."

"ம்."

"ஆனா ஒன்னு சொல்றேன், கோச்சிக்காத. நீ தொட்டிருந்தா நான் எடுத்திருக்கவே மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் வண்டியிலிருந்து இறங்கி நடந்தே மலை ஏறிவிடலாமா என்றிருந்தது. வாரா வாரம் இந்த மலையை ஏறி இறங்கி, முப்பத்தைந்து பிள்ளைகளின் நோட்டைத் திருத்தி, இங்கே வந்து துணி துவைத்து, மாவரைத்து, இதற்கு நடுவில் ஒருத்தி எதைத் தொடுவாள்? கேட்கிறதற்குப் பெரிய கேள்விதான். உதட்டுவரைக்கும் வந்தது. கேட்கவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை.

ஒரு வருடத்துக்கு மேலாக நான் அந்தக் கோப்புகளைத் திறந்திருக்கிறேன். அநேகமாக வாரா வாரம் திறந்திருக்கிறேன். இரண்டு பக்கம் படித்து, பெருமூச்சு விட்டு, மூடியிருக்கிறேன். திறந்து மூடுவதைக் கணினி ஒரு வேலையாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஒரு எழுத்து மாற்றினால்தான் அது தேதியை மாற்றும். என் வழிகாட்டி கேட்டால் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். தலைமை ஆசிரியர் கேட்டால் முடியும் தறுவாயில் என்றேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டது, பென் டிரைவில் சுமப்பதால்தான் வேலை ஓட மாட்டேன் என்கிறது என்று. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மென்பொருள் ஏற்றினேன். வேலை செய்யாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. மலைக்கும் ஊருக்குமாக நான் சுமந்ததெல்லாம் சுமந்ததுதான், எழுதியது இல்லை. இதை யோசித்துக்கொண்டு, நான் கோபப்பட்ட முதுகின்மேலேயே சாய்ந்துகொண்டு, வெள்ளிமலை வரைக்கும் வந்தேன். அசதியில் கண் சொருகியது. அங்கிருந்து தூறல்.

கரியாலூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. பள்ளி வாசலில் தேங்காய்ச் சில்லு கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கி ஓடினேன். பூஜை அறைக் கதவு திறந்திருந்தது. பள்ளிக் கணினிகள் எல்லாம் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் என் மடிக்கணினி, மூடியின்மேல் மூன்று பொட்டோடு, சாமந்திப் பூவோடு, மூடி இருந்தது. சமையலக்கா கூட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர், லீவுல வந்துகிறீங்க? அண்ணனையும் இட்டுகினு வந்துகிறீங்க? இன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"அக்கா, என் கம்ப்யூட்டர யாராவது தொறந்தாங்களா?"

"சார் தொறந்தாரு. பாஸ்வேர்டு கேக்குதுன்னு மூடிட்டாரு. டீ குடிக்கப் போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு."

பதற்றத்தில் எனக்கு மறந்தே போயிருந்த அந்தக் கடவுச்சொல்லை வைத்த நாளில் என்னை யார் தூண்டினார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். மடிக்கணினியைப் பூவோடு வாரி எடுத்துக்கொண்டேன். பள்ளி இணையம் எட்டாத இடம் எது என்று யோசித்தால் விடுதிச் சமையலறையின் பின்பக்கம்தான். அங்கே விறகு அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் வைத்துத் திறந்தேன். இணையம் இல்லை என்று மூலையில் காட்டியது. பெட்டியைத் திறந்தேன். எல்லாம் இருந்தன. கடைசி, உண்மையான கடைசி, இதுவே கடைசி, எல்லாம் வரிசையாக இருந்தன. பேட்டிகள் ஒவ்வொன்றும் ஊர்ப் பெயரோடு இருந்தன. அவருடைய பென் டிரைவில் சாமிப் பாட்டுகளுக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். எடுத்து முடித்ததும் அவர் அதை வாங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டு, மேலே கையை வைத்து ஒருதரம் அழுத்திப் பார்த்துக்கொண்டார். பிறகு டீ வாங்கி வருகிறேன் என்று போனார்.

நான் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. அக்கா பின்பக்கத்து அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து என்ன கூத்து என்று கேட்டார். சொன்னேன். நான் ஊர் ஊராக வந்து பேசி எழுதியதெல்லாம் இன்றைக்கு அழிந்து போகப் பார்த்தது, உங்கள் பேட்டியும் அதில் இருந்தது என்றேன். நான் பேட்டி எடுத்த காலத்தில் அவர் விடுதிக்கு வந்திருக்கவில்லை, பக்கத்து ஊரில் கூலி வேலையில் இருந்தார். அவருடைய மகள் பத்தாவதில் பாதியில் நின்று திருப்பூர்ப் பக்கம் பனியன் வேலைக்குப் போயிருந்த நேரம்.

"நான் சொன்னதுகூடவா அதுல கீது?"

"இருக்குதுக்கா."

"எங்க, படிங்க."

தேடி எடுத்துப் படித்தேன். கணக்கில் அந்தப் பெண் கெட்டி என்று அவர் சொன்னது, புருஷன் பலா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தது, வண்டி வைத்துக்கொண்டு ஆள் கூட்டிப் போக வந்தவன் முன்பணம் கொடுத்தது, பிள்ளை போகும்போது அழாமல் போனது. அக்கா ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேறு யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பதைப் போலத்தான் கேட்டார். கடைசிப் பத்தியில் அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தேன். "ரெண்டே வருசம் டீச்சர். அவங்கப்பனுக்கு இடுப்பு சரியாவட்டும். அவ வந்து மறுக்கா பத்தாவது எழுதுவா. பொஸ்தகத்தயெல்லாம் பொட்டில போட்டு வெச்சிருக்கேன்."

படித்து முடித்தேன். அக்கா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தக் கடசிய மட்டும் எடுத்துடுங்க டீச்சர்."

"எதக்கா?"

"வருவான்னு சொன்னன் பாருங்க. அத."

"அன்னிக்கி நீங்க சொன்னதுதானக்கா."

"அன்னிக்கி எனக்குத் தெரியாது. இப்பதான் தெரியுதே. அங்கயே கட்டிக் குடுத்தாச்சி. கையில ஒன்னு கீது. அவ எங்க வரப் போறா?"

ஒருவர் சொன்னதை அழிக்கக் கூடாது, மாற்றக் கூடாது என்பது ஆராய்ச்சியின் பாலபாடம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் எழுத வேண்டிய காலத்தில் எழுதியிருந்தால், அந்த வரி அன்றைக்கு உண்மையாகவாவது இருந்திருக்கும். அதைப் பத்திரமாகச் சுமந்து, இரண்டு கணினிகளிலும் ஒன்றேபோல் வைத்து, அழியாமல் காப்பாற்ற மழையில் மலை ஏறி வந்திருக்கிறேன். அதற்குள் அது பொய்யாகிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அக்காவுக்கு முன்னால் அப்படி நான் என்றைக்கும் குறுகிப் போனதில்லை.

அந்த வரிகளை நீக்கினேன். "எடுத்துட்டேன்க்கா. அந்த எடத்துல இன்னா போடட்டும்?" என்றேன்.

"வரலன்னு போடுங்க."

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் தோளுக்குப் பின்னால் நின்று, எழுத்து ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்தார். போட்டாச்சா என்றார். போட்டாச்சு என்றேன். சரி என்று சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போடப் போய்விட்டார். நான் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு வருடத்துக்கும் மேலாக என் ஆராய்ச்சியில் நான் எழுதிய முதல் சொல் அது. அதுவும் அக்கா சொல்லி எழுதியது.